செசபீக் விரிகுடாவில் கடல் விரால்: படகு எடுத்துப் போனவர்கள் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில ரிச்மண்டிலிருந்து

சென்ற இரண்டு கோடைகளிலும் வர்ஜீனியா பீச்சிலிருந்து வாடகைப் படகில் கடல் விரால் பிடிக்கப் போனேன். இங்கே அதைக் கோபியா என்கிறார்கள். முதல் முறை ஆறு பேர், பத்து மணி நேரம், ஒரு மீன்கூட இல்லை. இரண்டாம் முறை நான்கு பேர், இரண்டு மீன். இடைப்பட்ட ஓராண்டில் என் தூண்டில் திறமை ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. கேப்டனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போனேன், அவ்வளவுதான்.

முதல் பயணம் ஆகஸ்டில். இருந்ததிலேயே மலிவான படகைப் பிடித்தேன். விரிகுடாவின் வாய்க்கருகே நங்கூரம் போட்டு, நறுக்கிய மென்ஹேடன் மீனை வாளியில் கட்டித் தொங்கவிட்டு, உயிருள்ள விலாங்கை இரையாக மாட்டிக் காத்திருந்தோம். திருக்கை வந்தது. சுறாக் குட்டி வந்தது. மறுபடியும் திருக்கை வந்தது. மதியத்துக்கு மேல் நண்பர்கள் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. முட்டையிட விரிகுடாவுக்குள் மீன் நுழையும் ஜூனில்தான் இப்படி இரை தூவிக் காத்திருப்பது நன்றாக எடுபடும். ஜூலை, ஆகஸ்டில் மீன் மேல்மட்டத்தில் மிதந்து திரியும். மிதவைகள், பாலமும் சுரங்கமுமாகப் போகும் செசபீக் விரிகுடாப் பாலத்தின் தூண்கள், பெரிய திருக்கைகளின் முதுகுப்புறம் என்று எதையாவது ஒட்டியே நீந்தும். அதைக் கண்ணால் கண்டுபிடித்து வீச வேண்டும். அதற்குக் கேப்டன் ஏறி நிற்க உயரமான கோபுரம் உள்ள படகு வேண்டும். எங்கள் படகில் அது இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

இரண்டாம் முறை தொலைபேசியில் முதலிலேயே இரண்டு கேள்விகள் கேட்டேன்: கோபுரம் உண்டா? காற்று அடித்தால் பயணத் தேதியை மாற்றுவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றவரிடம்தான் முன்பணம் கட்டினேன். முந்தைய இரவு அவரே அழைத்து, தென்மேற்குக் காற்று வலுத்திருக்கிறது, தண்ணீர் அலையடித்துக் கிடந்தால் மீன் தெரியாது என்று பயணத்தை இரண்டு நாள் தள்ளிவைத்தார். புறப்பட்டதும் விடியற்காலையில் அல்ல, எட்டரை மணிக்கு. வெயில் உச்சிக்கு ஏறினால்தான் தண்ணீருக்குள் பார்வை இறங்குமாம்.

பதினொரு மணிக்கு மேலே இருந்து ஒரு கூச்சல். பழுப்பு நிறத்தில், தட்டைத் தலையோடு ஒரு மீன். நான் சுறா என்றே நினைத்தேன். இரையை மீனின் மேல் போடாமல் அதன் மூக்குக்கு முன்னால் விழும்படி வீசச் சொன்னார். இரண்டு முறை தவறினேன். அது ஓடவில்லை, திரும்பிப் படகையே வேடிக்கை பார்த்தது. மூன்றாவது வீச்சில் விழுங்கியது. இருபத்தைந்து நிமிடம் இழுத்தபின் வலையில் ஏற்றினோம்: நாற்பத்தெட்டு அங்குலம். வர்ஜீனியாவில் இந்த மீனைக் கொக்கியால் குத்தி ஏற்றத் தடை உண்டு. முழுதாகக் களைக்காத மீனை அவசரப்பட்டு ஏற்றினால் படகுக்குள் இருப்பதையெல்லாம் அடித்து நொறுக்கிவிடும். இரண்டாவது மீன் அப்படித்தான் ஏறியது. ஐஸ் பெட்டியின் மூடி போயிற்று.

இன்னொன்று. ஆறு பேர் போனால் ஆறு மீன் என்று கணக்குப் போடாதீர்கள். தலைக்கு ஒன்று என்றாலும் படகுக்கு இத்தனை என்று தனி வரம்பு உண்டு, அது அவ்வப்போது மாறும். அந்த ஆண்டுக்கான வரம்பைக் கேப்டனிடமே கேளுங்கள்.

மறுமொழி, நார்ஃபோக்கிலிருந்து

கோபுரத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா: கண்கூச்சத்தை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி. அது இல்லாமல் போய், எல்லோரும் "அதோ, அதோ" என்று காட்டிய எட்டு மீனில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. காதுத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

மறுமொழி, மேரிலாண்டிலிருந்து

எனக்குச் சொந்த ஊர் மண்டபம் பக்கம். இந்த மீனைத் தேடி யாரும் காசு கொடுத்துக் கடலுக்குப் போவார்கள் என்று சிறு வயதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அப்பாவின் படகில் மற்ற மீனோடு எப்போதாவது ஒன்று வரும். தலை குளத்து விராலைப் போலவே தட்டையாக இருப்பதால் கடல் விரால். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010இல் இதைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். கடலில் கூண்டு கட்டி வளர்ப்பதும் அங்கே நடந்தது. வேகமாக எடை ஏறும் மீன் என்று அப்போது ஊரெல்லாம் இதே பேச்சு.

சென்ற ஜூலையில் ஹாம்ப்டனிலிருந்து போனோம். நான் பிடித்த மீன் முப்பத்தொன்பது அங்குலம். சட்டப்படி வைத்துக்கொள்ள நீளம் போதாது என்று படகின் உதவியாள் அளந்து பார்த்துக் கடலில் விட்டுவிட்டார். அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எத்தனை கிலோ இருக்கும்?" என்றார்.

ஒரு தந்திரம் சொல்கிறேன். ஒரு மீன் மாட்டியதும் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பல நேரம் கூடவே இன்னொன்று வரும். இரை மாட்டிய இரண்டாவது தூண்டில் ஒருவர் கையில் தயாராக இருக்கட்டும்.

மறுமொழி, ஃபுளோரிடா பென்சகோலாவிலிருந்து

இங்கே பருவமே வேறு. மார்ச், ஏப்ரலில் கரையை ஒட்டி மேற்கு நோக்கிப் போகும் மீனைத்தான் துரத்துவார்கள். பெயரும் லிங். முன்புபோல் மீன் இல்லை என்று கேப்டன்களே குறைப்படுகிறார்கள். வர்ஜீனியாவுக்கு வரலாமா என்று பார்க்கிறேன்.

மறுமொழி, வர்ஜீனியா பீச்சிலிருந்து

ஆண்கள் யாரும் எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். படகில் கழிப்பறை உண்டா என்று கேளுங்கள். திறந்த படகுகள் பலவற்றில் ஒரு வாளிதான் இருக்கும். எட்டு மணி நேரம்!

கரைக்கு வந்ததும் மீனை உதவியாளே வெட்டிச் சுத்தம் செய்து தருவார். கட்டணத்தில் பதினைந்து முதல் இருபது சதவீதம் அவருக்கென்று தனியாக எடுத்துவையுங்கள். எங்கள் மீனை அழகாகத் துண்டு போட்டார், தலையை மட்டும் தூக்கிப் பெலிக்கன் பறவைக்கு வீசப் போனார். ஓடிப் போய் வாங்கினேன். "இதை என்ன செய்வீர்கள்?" என்றார். குழம்பு என்பதை அவருக்கு விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. சதை வஞ்சிரத்தைவிடக் கெட்டி, வறுத்தால் உடையாது. ஆனால் ருசி எல்லாம் அந்தத் தலையில்தான்.

தொடக்கப் பதிவர்

அக்கா, கழிப்பறை விஷயம் பட்டியலில் ஏறிவிட்டது. ஜூலை மூன்றாம் வாரம் மறுபடி போகிறோம். அதே கேப்டன், கோபுரம் உண்டு. நான்கு பேர் சேர்ந்துவிட்டோம், அவர் ஆறு பேர்வரைதான் ஏற்றுவார். பென்சகோலா நண்பருக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். இன்னும் ஓர் இடம் காலி. மண்டபத்து நண்பர் வந்தால் நல்லது, மீனைத் தூரத்திலேயே அடையாளம் காண்பார். தலை யாருக்கு என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுவோம்.