மறு: பால் வால்வுக்குத் (ball valve) தமிழ் – பந்து ஓரதரா, குண்டுமடையா?

அன்புள்ள ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

> "பந்து ஓரதர்" என்றே வைத்துக்கொள்ளலாம். வால்வு என்பதற்கு ஓரதர் ஏற்கெனவே கலைச்சொல் பட்டியல்களில் ஏறிவிட்ட சொல்.

ஏறிவிட்டது உண்மைதான், ஐயா. ஆனாலும் இந்தப் பொருளுக்கு அது ஒவ்வாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். குழாய் பொருத்துநர் பயிற்சிக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். மற்ற இயல்கள் முடிந்துவிட்டன. பால் வால்வு பொருத்தும் இயலில் மூன்று வாரமாக நிற்கிறேன்.

அதர் என்றால் வழி. ஓரதர் என்றால் ஒரே வழி. பால் வால்வின் உள்ளே இருப்பது நடுவில் துளையிட்ட குண்டு. கைப்பிடியை 90 பாகை திருப்பினால் துளை குழாயின் போக்கில் வந்து நிற்கும்; திருப்பி விட்டால் குறுக்கே நிற்கும். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். அதனால் பெரும்பாலான பால் வால்வுகளின் உடலில் அம்புக்குறியே இருக்காது. போன தண்ணீரைத் திரும்பி வரவிடாத 'நான் ரிட்டர்ன்' வால்வுதான் உண்மையில் ஓரதர். அந்த அழகிய சொல்லை அதற்கே கொடுத்துவிடுவோம். பொதுச்சொல்லாக வைத்தால், மூன்று வாய் உள்ள வால்வை 'மூவழி ஓரதர்' என்று எழுத நேரும். வழி மூன்றா ஒன்றா என்று மாணவர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

'வால்வு' என்றே விட்டுவிடலாம் என்று சென்ற மடலில் ஒரு நண்பர் சொன்னார். இதய வால்வு என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. பேச்சிலும் அது வேரூன்றிவிட்டது. அதை எதிர்க்கும் எண்ணம் எனக்கில்லை. இடறுவது 'பால்'. பால் பண்ணைக் குழாய்களிலும் வால்வுகள் உண்டு. அங்கே 'பால் வால்வு' என்று எழுதினால் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. மேல்நிலைத் தொட்டியில் மிதவையோடு இருப்பதையும் நம் ஊரில் பால் வால்வு என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் தொட்டிக்குக் கீழே இறங்கும் குழாயில் ஒழுகிய வால்வை மாற்றச் சொன்னோம். வாங்கி வரப் போனவர் மிதவை உள்ளதை வாங்கி வந்தார். அவர் மேல் குற்றமில்லை, இரண்டுக்கும் ஒரே பெயர். அன்று மாலை வரை ஆறு வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. 'பந்து' என்று மாற்றினாலும் இந்தக் குழப்பம் தீராது; மிதக்கும் அந்த உருண்டைதான் பார்வைக்குப் பந்து போல இருக்கிறது.

'கோளம்' ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளோப் வால்வு என்று வேறொன்று இருக்கிறது. அதன் உடல் உருண்டையாக இருந்ததால் வந்த பெயர். கோளம் என்ற சொல் நியாயமாக அதற்குத்தான் போகும். அது நீரோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படுவது. அம்புக்குறி பார்த்துப் பொருத்த வேண்டியது. பால் வால்வோ முழுதாகத் திறக்க, முழுதாக மூட மட்டும். பாதி திறந்து வைத்தால் இடுக்கு வழியே சீறும் தண்ணீர், குண்டை அணைத்திருக்கும் டெஃப்லான் வளையத்தை ஒரு பக்கமாக அரித்துவிடும். பிறகு மூடினாலும் சொட்டும். கையேட்டில் இரண்டுக்கும் 'கோள' என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளரின் பிழை ஒருவர் வீட்டுக் குழாயில் ஒழுகும்.

என் முன்மொழிவு: குண்டுமடை.

மடை நமக்குப் புதிதில்லை. தலைமடை, கடைமடை என்று காவிரிப் படுகையில் இன்றும் பேசுகிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்பது ஆண்டுதோறும் செய்தி. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது அடைக்கும் நீர்வாய்தான் மடை. வால்வும் அதைத்தானே செய்கிறது? உள்ளே பலகை போன்ற தகடு ஏறி இறங்கும் கேட் வால்வைக் குடிநீர்த் துறையினர் 'ஸ்லூஸ் வால்வு' என்பார்கள். அந்த ஸ்லூஸ் நம் மதகுதான். அதே உறவை ஆங்கிலத்தார் தங்கள் மொழியில் கண்டிருக்கிறார்கள். மதகு என்றால் கட்டுமானம் கண்முன் வருகிறது. மடை சிறியது, கூட்டுச்சொல்லுக்கு எளிதாக வளைகிறது. கேட் வால்வு பலகைமடை, தொட்டியில் இருப்பது மிதவைமடை, குளோப் வால்வு கோளமடை. காற்றுக்கும் எரிவளிக்கும் மடை பொருந்துமா என்று கேட்பீர்கள். 'மடை திறந்தாற்போல் பேசினார்' என்று சொல்லும்போது அந்தச் சொல் எப்போதோ தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது.

குண்டு என்றால் வெடிகுண்டு நினைவு வரும், எரிவளிக் குழாயில் அந்தப் பெயர் வேண்டாம் என்பது இன்னொரு தயக்கம். குண்டூசி, குண்டுமணி, குண்டு பல்பு, பள்ளி விளையாட்டு விழாவின் குண்டு எறிதல் – இவற்றைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. திண்மையான உருண்டைக்குப் பழகிய சொல் அதுதான்.

ஒரு சொல்லைப் பட்டியலில் பார்த்து முடிவு செய்யக்கூடாது, வேலையிடத்து வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கையேட்டிலிருந்து சில வரிகள்:

"குண்டுமடையைப் பொருத்தும் முன் குழாயில் தண்ணீர் விட்டு மண்ணையும் இரும்புத் துருவலையும் வெளியேற்றவும். ஒரு மணல் துகள் போதும், வளையத்தில் கீறல் விழ."

"குண்டுமடையைத் திறந்த நிலையில் வைத்தே பொருத்தவும். பற்றவைக்கும்போது தெறிக்கும் தீப்பொறி குண்டின் மேல் படாது. டெஃப்லான் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகிவிடும். மூன்று துண்டு உடலாக இருந்தால் நடுத்துண்டைக் கழற்றிவிட்டுப் பற்றவைக்கவும்."

"மரை உள்ள குண்டுமடையானால் டேப்பை முறுக்கும் திசையிலேயே சுற்றவும். எந்த முனையில் குழாய் சேர்கிறதோ அந்த முனையிலேயே ஸ்பானரைப் பிடிக்கவும். மறுமுனையில் பிடித்தால் மடையின் சொந்த இணைப்பு தளர்ந்துவிடும்."

"கைப்பிடி முழுதாகச் சுழலச் சுவரிலிருந்து இடம் விடவும். கைப்பிடி குழாயோடு கிடந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. நீண்ட குழாயில் சட்டென்று அடைத்தால் ஓடிவந்த தண்ணீர் மோதி இணைப்புகளை உலுக்கும், நிதானமாக அடைக்கவும்."

இவற்றைப் பயிற்சியாளர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். முதல் இரண்டு வரிகளுக்குப் பிறகு அவர் என்ன பொருள் என்று கேட்கவில்லை. 'பந்து ஓரதர்' என்று வாசித்தபோது நிறுத்தச் சொன்னார்.

பால் வால்வுக்குக் 'கால்திருப்பு' என்று முன்பு நானே எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கால் சுற்றில் மூடுவது பட்டாம்பூச்சி வால்வுக்கும் உரிய குணம். அது இனத்தின் பெயராக இருக்கட்டும்: கால்திருப்பு மடைகள்.

மீதியிருப்பது மூவழிக் குண்டுமடை. அதில் துளை இருவகை. ஆங்கில எழுத்து 'எல்' போல வளைந்த துளை, பொதுவாயை மற்ற இரண்டில் ஒன்றோடு மட்டும் இணைக்கும். 'டீ' போன்றது மூன்றையும் ஒருசேர இணைக்கவும் வல்லது. முதலாவதற்கு நம் எழுத்தே இருக்கிறது: ட. 'டகரத் துளை' என்று எழுதினால் பொருத்துநர் படம் பார்க்காமலே புரிந்துகொள்வார். இரண்டாவதற்கு ஏற்ற வடிவில் தமிழ் எழுத்து ஏதும் எனக்குக் கிடைக்கவில்லை. 'முச்சந்தித் துளை' என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். ஐயா, இதைவிடச் சுருக்கமாக உங்களுக்கு ஏதேனும் தோன்றுகிறதா? இயலை அச்சுக்கு அனுப்பும் முன் மாற்றிவிடுவேன்.

அன்புடன்