மறுமொழி: காட்டுயிர்ப் பாதுகாப்பில் 'பார்ட்னர்ஷிப்' – 'உடன்காப்பு' சரியாக வருமா?

வணக்கம் நண்பர்களே,

பல அமைப்புகள் சேர்ந்து ஓர் உயிரினத்தைக் காப்பாற்றும் 'கன்சர்வேஷன் பார்ட்னர்ஷிப்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்து வருகிறேன். அருகிய இனங்களைப் பற்றிய கட்டுரைகளை மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. இந்த ஒரு சொல்லில் வாரத்துக்கு நாலு தடவையாவது முட்டி நிற்கிறேன். 'கூட்டாண்மை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அப்படி எழுதிய பத்தியைத் திரும்பப் படித்தால், இரண்டு நிறுவனங்கள் முதல் போட்டுத் தொழில் தொடங்கிய செய்தி போல இருக்கிறது.

> பங்காளி, பங்காண்மை என்று வைத்தால் என்ன? எளிய சொல்தானே?

எளிய சொல்தான். ஆனால் பங்கு என்றாலே கூடவே சொத்தும் வந்துவிடுகிறது. பங்காளி என்றால் பாகப்பிரிவினையும் நினைவுக்கு வரும். இந்த அமைப்புகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வது வேலையைத்தான். 'கூட்டணி'க்கு எதிரணி ஒன்று வேண்டும். 'கூட்டமைப்பு' நிலையாக இருக்கும் அமைப்புக்குப் பொருந்தும். 1948இல் தொடங்கிய, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐயுசிஎன்னில் அரசுகளும் தன்னார்வ அமைப்புகளும் உறுப்பினர்கள். அதைத் தாராளமாக அப்படிச் சொல்லலாம். நமக்கு வேண்டியது, ஓர் இனத்துக்காகச் சேர்ந்து ஆளுக்கொரு பொறுப்பைச் சுமப்பவர்களுக்கான சொல்.

வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பாருங்கள். 2009 டிசம்பரில் செக் நாட்டின் ட்வூர் க்ராலோவே விலங்குக்காட்சிச்சாலையிலிருந்து நான்கு விலங்குகள் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்துக்கு வந்தன. கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் இறந்துபோனது. இப்போது மிச்சம் இரண்டே பெண் விலங்குகள், நஜினும் அதன் மகள் ஃபாட்டுவும். 2019 ஆகஸ்டில் இரண்டுக்கும் மயக்க மருந்து கொடுத்துக் கருமுட்டைகளை எடுத்தார்கள். அதை முன்னின்று நடத்தியது பெர்லினின் லைப்னிட்ஸ் ஆய்வு நிறுவனம். முட்டைகள் விமானத்தில் இத்தாலியின் கிரெமோனா நகர ஆய்வகத்துக்குப் போயின. அங்கே, உறையவைத்த விந்தைக் கொண்டு கருவாக்கித் திரவ நைட்ரஜனில் வைத்திருக்கிறார்கள். கென்யாவின் வனவிலங்குத் துறையும் இதில் உண்டு. வளர்த்தவர் ஒருவர், காவல் காப்பவர் ஒருவர், கரு உண்டாக்குபவர் இன்னொருவர். இதை எப்படி 'பங்கு' என்று எழுதுவது?

இந்த இழையில் முதலில் 'இணைகாப்பு' என்று முன்மொழிந்தது நான்தான். விலங்கு நடத்தையியல் படித்த நண்பர் ஒருவர் மறுப்புச் சொன்னார், அவர் சொன்னது சரி. விலங்குகளைப் பற்றிப் பேசும்போது இணை என்றால் சோடி. ஓர் ஆண் தன் பெண்ணை வேறு ஆண் நெருங்காமல் காவல் காப்பதற்கு 'மேட் கார்டிங்' என்று ஒரு கலைச்சொல் இருக்கிறது; அதற்குத் தமிழில் 'இணைகாப்பு'தான் இயல்பாக வரும். அதை அதற்கே விட்டுவிடுவோம். அப்புறம் வந்த 'கூட்டுக்காப்பு' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கூடு என்ற சொல்லும் வேற்றுமையில் 'கூட்டு' ஆகிவிடும், கூட்டுப்புழுவில் வருவது போல. இருவாச்சிகளின் கூடுகளைக் காவல் காக்கும் திட்டங்கள் உண்மையாகவே இருக்கின்றன. 'இருவாச்சிக் கூட்டுக்காப்பு' என்று படிப்பவர் எதை நினைப்பார்?

அதனால் இப்போது என் முன்மொழிவு: உடன்காப்பு.

உடன்பாடு, உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று நமக்குப் பழகிய முன்னொட்டு. காப்பு என்பதும் காப்புக்காடு, காப்பகம் ஆகியவற்றில் இந்தத் துறைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. புதிய சொற்களும் சிரமமில்லாமல் பிறக்கின்றன: உடன்காப்பு அமைப்பு, உடன்காப்பு ஒப்பந்தம், உடன்காப்பாளர். உடன் என்றால் 'உடனே' என்றும் பொருள் வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். உடன்பிறப்பை யாரும் அப்படிப் படிப்பதில்லையே.

வாக்கியங்களில் வைத்தும் பார்த்தேன். 'கலிஃபோர்னியக் காண்டர் என்ற பிணந்தின்னிக் கழுகு 1987இல் வெறும் 27 பறவைகளாகச் சுருங்கியது. காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வளர்த்துப் பெருக்கினார்கள். அரசின் காட்டுயிர்த் துறையும் லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ விலங்குக்காட்சிச்சாலைகளும் செய்த உடன்காப்பால் 1992இல் அது மறுபடி காட்டுக்குப் போனது.' இடறாமல் ஓடுகிறது. மனிதர்களை அம்மா என்று எண்ணிவிடக் கூடாதே என்று, பெரிய காண்டரின் தலை போலச் செய்த கைப்பொம்மையை மாட்டிக்கொண்டு குஞ்சுக்கு ஊட்டினார்கள். ஆரஞ்சுத் தலை, கொக்கி அலகு, திரைக்குப் பின்னால் ஒரு மனிதக் கை. இதை எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

அரேபிய ஓரிக்ஸ் என்ற பாலைவன மானினத்துக்கும் பொருந்துகிறது. பல இடங்களிலிருந்து திரட்டி அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விலங்குக்காட்சிச்சாலையில் சேர்த்த ஒன்பது விலங்குகளுக்கு 'உலக மந்தை' என்றே பெயர். காட்டில் அற்றுப்போன அந்த இனம் 1982இல் ஓமானுக்குத் திரும்பியது; 2011இல் 'அழிவாய்ப்பு இனம்' என்ற நிலைக்கு மீண்டது.

பொருந்தாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சீனா கட்டணம் வாங்கிக்கொண்டு பாண்டாக்களை அனுப்புகிறது. பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே சொந்தம். அந்த ஏற்பாட்டைக் குத்தகை என்றே எழுதுவோம். அதற்குள் நடக்கும் கூட்டு ஆய்வை வேண்டுமானால் உடன்காப்பு எனலாம். பணம் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பவருக்குப் 'புரவலர்' என்ற நல்ல சொல் இருக்கிறது. அறிக்கைகளில் உடன்காப்பாளரையும் புரவலரையும் 'பார்ட்னர்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறார்கள், தமிழிலாவது பிரித்து எழுதலாம்.

'உடன்காப்பாளர்' நீளமாக இருக்கிறது, 'உடன்காப்பர்' போதும் என்று தோன்றினால் சொல்லுங்கள், எனக்கு இரண்டும் சரி. விலங்குகளின் வம்சாவளியைப் பதியும் 'ஸ்டட்புக்'குக்குக் 'கொடிவழிப் பதிவேடு' என்று எழுதி வருகிறேன்; அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.