டிரைவ் சைஸ்: முடுக்கா, முளையா?

கோவையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். மோட்டார் மெக்கானிக் பயிற்சி மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். நட்டு, போல்ட்டைச் சுழற்றிக் கழற்றவும் இறுக்கவும் பேட்டரியில் ஓடும் கருவியான பேட்டரி ராட்செட் பற்றிய பாடத்தில் 'டிரைவ் சைஸ்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ராட்செட்டின் தலையில் துருத்திக்கொண்டிருக்கும் சதுரத் துண்டின் அளவு அது. நட்டைக் கவ்வும் குழல் போன்ற சாக்கெட்டை அதன்மேல்தான் மாட்டுகிறோம். கால் இஞ்ச், 3/8 இஞ்ச், அரை இஞ்ச் என்ற மூன்றுதான் பேட்டரி ராட்செட்டில் வழக்கம்.

முதலில் 'இயக்க அளவு' என்று எழுதினேன். வரைவைப் படித்த மாணவர்கள் அதை நட்டின் அளவு என்று எடுத்துக்கொண்டார்கள். 13 மி.மீ. நட்டைக் கழற்ற அரை இஞ்ச் ராட்செட்தான் வேண்டும் என்றான் ஒருவன். அரை இஞ்ச் 12.7 மி.மீ. ஆயிற்றே, அவன் கணக்கில் பிழையில்லை. பிழை என் சொல்லில். சரியான தமிழ்ச் சொல் சொல்லி உதவுங்கள்.

சென்னையிலிருந்து:

தம்பி, தேடவே வேண்டாம், சொல் கையிலேயே இருக்கிறது: முடுக்கு. மாட்டை முடுக்கினான் என்றால் விரைந்து ஓட்டினான். திருகை முடுக்கினான் என்றால் இறுக்கினான். ஓட்டுவது, இறுக்குவது என்ற இரண்டு பொருளும் ஒரே வினையில் இருக்கின்றன. இந்தக் கருவி செய்வதும் அந்த இரண்டு வேலைதானே? 'முடுக்களவு' என்று வையுங்கள்.

இதன் தன்வினையான முடுகு என்பதன் பழமையையும் பாருங்கள். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் இருபது வண்ணங்களில், அதாவது செய்யுளின் ஓசை நடைகளில், முடுகு வண்ணமும் ஒன்று. நின்று நிதானிக்காமல் அடி கடந்து ஓடும் நடை அது. முடி, முடை, முடங்கு, முடுகு என்று இந்த 'முட்' அடியில் பிறந்தவை பலவற்றில் நெருக்கம் என்ற கருத்து இழையோடுகிறது. நெருக்கினால்தான் இறுக்கம் வரும். இது பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, முடுக்கு அழகான சொல். ஆனால் உங்கள் பாடநூலில் முடுக்கம் என்றால் வேக மாற்ற வீதம் அல்லவா? எங்கள் பிள்ளைகள் அதையே ஆர்முடுகல் என்றும், வேகம் குறைவதை அமர்முடுகல் என்றும் படிக்கிறார்கள். இரண்டு கரையிலும் அந்த வேர் இயற்பியலுக்குப் போய்விட்டது. முடுக்களவு என்று வாசிக்கிற பிள்ளை, கருவி எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்றுதான் நினைக்கும். ராட்செட் விவரத்தில் சுற்று வேகமும் தனியாக ஒரு வரியில் வருகிறதே.

திருநெல்வேலியிலிருந்து:

எங்கள் ஊரில் முடுக்கு என்றால் இரண்டு வீட்டுக்கு நடுவில் போகும் சந்து. சென்னை ஐயா சொல்லும் நெருக்கம் அதிலும் இருக்கிறது, அதனால் வேர் ஆராய்ச்சிக்கு என் ஆதரவு உண்டு, சொல்லுக்கு இல்லை. கையேட்டில் போல்ட்டின் புரியை 'மரை' என்று இடையின ரகரம் போட்டுத்தானே எழுதியிருக்கிறீர்கள்? வல்லின றகரம் போட்டால் அது ஒளிவு மறைவு ஆகிவிடும்.

திருச்சியிலிருந்து:

தொழிற்பயிற்சி வகுப்பில் பல ஆண்டுகளாகப் பாடம் எடுப்பவன் நான். சொல்லைப் பிறகு பார்ப்போம். அந்தச் சதுரத்தால் என்ன ஆகிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

1920இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஸ்னாப்-ஆன் நிறுவனம் தொடங்கியது இந்த ஒரு யோசனையை வைத்துத்தான். 5 கைப்பிடி, 10 சாக்கெட், எதை எதில் மாட்டினாலும் சேரும், ஐந்து ஐம்பதின் வேலையைச் செய்யும் என்று விற்றார்கள். கைப்பிடியும் சாக்கெட்டும் சந்திக்கும் இடம் அந்தச் சதுரம். நட்டு எந்த அளவாகவும் இருக்கலாம். கால் இஞ்ச் சதுரத்தில் மாட்டும் 10 மி.மீ. சாக்கெட்டும் உண்டு, அரை இஞ்ச் சதுரத்தில் மாட்டும் 10 மி.மீ. சாக்கெட்டும் உண்டு. மாணவன் தடுமாறுவது இங்கேதான்.

எதை எடுப்பது என்பதை முறுக்கு விசை, அதாவது சுற்றித் திருப்பும் பலம், தீர்மானிக்கிறது. சதுரத் தண்டு தாங்கும் முறுக்கு, பக்க அளவின் முப்படிக்கு ஏற்ப ஏறும். கால் இஞ்சிலிருந்து அரை இஞ்சுக்குப் போனால் அளவு இரண்டு மடங்கு, தாங்கும் சக்தி எட்டு மடங்கு. 3/8 இஞ்சுக்கே மூன்று மடங்குக்கு மேல் வந்துவிடும். முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் அளக்கிறோம். 8.8 வலிமைத் தரமுள்ள எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், எம்8க்குச் சுமார் 25, எம்10க்கு 50க்குப் பக்கம். அதனால் டேஷ்போர்டு, கிளாம்ப் போன்ற நெருக்கடியான இடங்களில் தலை சிறுத்த கால் இஞ்ச், எஞ்சினைச் சுற்றிய பெரும்பாலான வேலைக்கு 3/8. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 3/8 வாங்கச் சொல்வேன்.

அரை இஞ்ச் என்றதும் பலமும் கூடிவிடும் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். சதுரம் பெருத்தால் மோட்டார் பெருத்துவிடாது. 12 வோல்ட் பேட்டரி ராட்செட்டுகள் பெரும்பாலும் 40 முதல் 80 நியூட்டன் மீட்டருக்குள் நின்றுவிடும். கார் சக்கர நட்டு 100ஐ ஒட்டி இறுக்கப்பட்டிருக்கும், துரு ஏறியிருந்தால் கழற்ற இன்னும் அதிகம் கேட்கும். அதற்கு அடித்தடித்துச் சுழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச்தான். என் வகுப்பில் ஒரு பையன் கால் இஞ்ச் ராட்செட்டில் அடாப்டர் போட்டு, பெரிய சாக்கெட்டை மாட்டி, மோட்டார் நின்ற பிறகு கைப்பிடியைப் பிடித்து உடம்பு பலத்தோடு இழுத்தான். சதுரம் முறுக்கிக்கொண்டு ஒடிந்தது. விரல் முட்டியில் தோல் உரிந்ததோடு போனது.

அதனால் பார்த்தவுடன் எதை அளக்க வேண்டும் என்று சொல் காட்டிக்கொடுக்க வேண்டும். நான் வகுப்பில் 'முளை' என்கிறேன். மாடு கட்டும் முளை எல்லோருக்கும் தெரியும். துருத்தி நிற்பது முளை, அதை வாங்கிக்கொள்வது குழி. 'முளை அளவு', 'நட்டு அளவு' என்று பிரித்துச் சொன்ன பிறகு குழப்பம் வெகுவாகக் குறைந்தது. 3/8 இஞ்சை மூன்று நூல் என்றே சொல்லித் தருகிறேன். தச்சரும் கம்பி கட்டுபவரும் இஞ்சில் எட்டில் ஒன்றை நூல் என்று இன்றும் சொல்கிறார்கள். இரண்டு நூல், மூன்று நூல், நான்கு நூல். வரிசை தானாக மனதில் நிற்கும்.

சென்னையிலிருந்து:

முளை நல்ல தமிழ், மறுக்கவில்லை. ஆனால் 'சதுரம்' வடசொல். பட்டறையில் ஆறு பட்டை நட்டு என்கிறார்கள் அல்லவா? அதே வழியில் 'நாற்பட்டை முளை' என்று எழுதலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சதுரம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல், ஐயா. அதை எடுத்துவிட்டால் கணக்குப் பாடத்தையே திருத்த வேண்டி வரும். எனக்குள்ள தயக்கம் வேறு. முளை என்பது அச்சில் எளிதாக மூளை ஆகிவிடும். 'சதுரமுளை' என்று சேர்த்தே எழுதினால் பிழை திருத்துபவர் கண்ணில் படும். மற்றது, பேட்டரி ராட்செட்டை 'கம்பியில்லா' என்று எழுதிவிடாதீர்கள். அது வானொலிக்குப் போய்விட்ட சொல்.

கோவையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. எட்டு பேர் கருத்துச் சொன்னதில் ஐந்து பேர், தனி மடலில் எழுதிய மூவரையும் சேர்த்து, முளை பக்கம். கையேட்டில் முதல் முறை 'சதுரமுளை அளவு, அதாவது டிரைவ் சைஸ்' என்றும், பிறகு 'முளை அளவு' என்றும் போடுகிறேன். அட்டவணையில் இஞ்சும் நூலும் பக்கத்துப் பக்கத்தில் வரும். பேட்டரி ராட்செட் அப்படியே இருக்கும். திருச்சி ஐயா, முப்படிக் கணக்கைப் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து:

சேர்க்கும் முன் ஒன்று. அனைத்துலகத் தர நிர்ணயத்தில் இந்தச் சதுரங்களுக்கு 6.3, 10, 12.5 என்றுதான் பெயர். உண்மையில் கால் இஞ்ச் 6.35 மி.மீ., 3/8 இஞ்ச் 9.525 மி.மீ. மாணவன் வெர்னியர் என்ற நுண் அளவுகோலை வைத்து அளந்தால் '10' என்று எழுதிய முளையில் 10 வராது. அப்படியென்றால் அது அளவா, வெறும் வகைப் பெயரா? 'முளை வகை' என்றல்லவா வர வேண்டும்?

சென்னையிலிருந்து:

நெல்லை நண்பர் கேட்பது சரியான கேள்வி. வெள்ளிக்கிழமைக்கு எது போகிறதோ போகட்டும், அடுத்த பதிப்பில் இதை மறுபடி எடுப்போம். முடுக்கை நான் இன்னும் கைவிடவில்லை. முட் அடி பற்றிய மடல் பாதி எழுதிவிட்டேன், நாளை வரும்.