ப்ராஜெக்ட் ரிப்போர்ட்: பக்க எண்ணும் பொருளடக்கமும் ஒழுங்காக நிற்க மாட்டேன் என்கின்றன

கடைசி_செமஸ்டர்:

வணக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது, ரிப்போர்ட்தான் முடிய மாட்டேன் என்கிறது. குழுவில் நான்கு பேர். ஆளுக்குச் சில அத்தியாயங்கள் என்று தனித்தனியாக எழுதி இப்போது ஒரே வேர்டு ஃபைலில் ஒட்டியிருக்கிறோம். துறையில் தந்த படிவப்படி முன்பக்கங்களுக்குச் சின்ன ரோமன் எண்ணும் முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3 என்றும் வர வேண்டும். ஓரிடத்தில் மாற்றினால் ஃபைல் முழுக்க மாறுகிறது. பொருளடக்கம் கையால் அடித்தது, நடுவில் புள்ளி வைத்து ஓட்டியது. கைடு ஒரு பத்தியை எடுக்கச் சொன்னால் போதும், அதற்குக் கீழே இருக்கும் பக்க எண் மொத்தமும் தப்பாகிவிடும். படத்துக்கும் இதே கதைதான்: மூன்றாம் அத்தியாயத்தில் நடுவில் ஒரு படம் சேர்த்தால் 3.4-க்கு அப்புறம் எல்லாவற்றையும் திருத்தி, 'படம் 3.6-ஐப் பார்க்கவும்' என்று உள்ளே எழுதிய இடங்களையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, எழுத்தோடு கட்டளைகளையும் அடித்து ஆவணம் உருவாக்கும் லேடெக்ஸுக்கு மாறிவிடலாம் என்கிறான் குழுவில் ஒருவன். சமர்ப்பிக்க அதிக நாள் இல்லை. மாறலாமா? அப்புறம் கையெழுத்து, பிளேஜியரிசம் சோதனை (பிறர் எழுத்தைக் காப்பியடித்திருக்கிறதா என்று பார்ப்பது), பைண்டிங் இதெல்லாம் எந்த வரிசையில் செய்வது என்றும் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பழைய_பெஞ்சு:

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, இரண்டுக்கும் பொதுவாகச் சொல்கிறேன். எண் என்று எதையெல்லாம் கையால் அடித்திருக்கிறீர்களோ அதையெல்லாம் அழித்துவிடுங்கள். பக்க எண், தலைப்பு எண், பட எண், அட்டவணை எண், மேற்கோள் எண் எதுவானாலும் சரி, எண் போடுவது வேர்டின் வேலை. இதை ஒப்புக்கொண்டால் மீதி எல்லாம் ஒரு மாலை நேர வேலைதான்.

பக்க எண் முழுக்க மாறுவதற்குக் காரணம் உங்கள் ஃபைல் முழுவதும் ஒரே செக்ஷனாக இருப்பது. அத்தியாயம் முடியும் இடத்தில் பேஜ் பிரேக் போட்டிருப்பீர்கள், அல்லது என்டரைத் தட்டித் தட்டி அடுத்த பக்கத்துக்குத் தள்ளியிருப்பீர்கள். எண் ரோமனா சாதாரணமா, எதிலிருந்து தொடங்குகிறது என்பதெல்லாம் செக்ஷனுக்குச் செக்ஷன் வைக்கிற அமைப்பு, பேஜ் பிரேக் புது செக்ஷனை உண்டாக்காது. முன்பக்கங்கள் முடிந்து முதல் அத்தியாயம் தொடங்கும் இடத்தில் லேஅவுட், பிரேக்ஸ் போய் 'நெக்ஸ்ட் பேஜ்' என்ற செக்ஷன் பிரேக்கைப் போடுங்கள். பிறகு அந்தப் பக்கத்தின் அடியில் இருமுறை கிளிக் செய்து, 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்பதை அணைத்துவிட்டு, 'ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ்' போய் 1-இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முன்னால் இருக்கும் செக்ஷனுக்குச் சின்ன ரோமன். தலைப்புப் பக்கத்தில் எண் தெரியக்கூடாது, ஆனால் கணக்கில் சேர வேண்டும் என்றால் 'டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போதும். தலைப்புப் பக்கத்தைத் தனி ஃபைலாக வைத்துக் கடைசியில் சேர்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அது தேவையே இல்லை.

அடுத்து தலைப்புகள். எழுத்தைப் பெரிதாக்கி போல்டு செய்தால் அது பார்க்கத்தான் தலைப்பு, வேர்டுக்கு அது இன்னொரு பத்தி. அத்தியாயத் தலைப்புக்கு ஹெட்டிங் 1, உள்தலைப்புக்கு ஹெட்டிங் 2, அதற்கும் உள்ளே 3 என்று ஸ்டைல் கொடுங்கள். டைம்ஸ் நியூ ரோமனா, எத்தனை பாயின்ட், நடுவிலா இடப்பக்கமா என்பதை ஸ்டைலில் ஒரே ஒரு முறை மாற்றினால் ஃபைல் முழுக்க மாறும். பிறகு மல்டிலெவல் லிஸ்டில் ஹெட்டிங்குகளோடு இணைந்திருக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் 1, 1.1, 1.1.1 தானாக வரும். ஏற்கெனவே கையால் அடித்த எண்களை எடுக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் '1.1 1.1 அறிமுகம்' என்று நிற்கும்.

இது சரியானால் பொருளடக்கம் ஒரு கிளிக். ரெஃபரன்சஸ் போய் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ். ரோமன் பக்கம் ரோமனாகவும் மற்றது சாதாரண எண்ணாகவும் அதுவே எடுத்துக்கொள்ளும். ஒரு சிக்கல் வரும்: நன்றியுரை, சுருக்கம் போன்றவை பொருளடக்கத்தில் வர வேண்டும், ஆனால் அவற்றுக்கு அத்தியாய எண் வரக்கூடாது. அவற்றுக்கென்று புதிதாக ஒரு ஸ்டைல் உண்டாக்கி, பத்தி அமைப்பில் அவுட்லைன் லெவல் 1 கொடுத்தால் எண் இல்லாமல் பொருளடக்கத்தில் ஏறும். வராவிட்டால் பொருளடக்கத்தின் ஆப்ஷன்ஸில் அந்த ஸ்டைலுக்கு நேராக 1 என்று போடுங்கள்.

படங்களுக்கு 'இன்சர்ட் கேப்ஷன்'. அதிலேயே அத்தியாய எண்ணைச் சேர்க்கும் வசதி இருக்கிறது, ஹெட்டிங் 1-க்குத் தானியங்கி எண் இருந்தால்தான் அது வேலை செய்யும். உள்ளே 'படம் 3.6' என்று சொல்லும் இடத்தில் கையால் அடிக்காமல் 'கிராஸ் ரெஃபரன்ஸ்' போடுங்கள். நடுவில் படம் சேர்த்தாலும் எடுத்தாலும் கன்ட்ரோல்+ஏ, எஃப்9, அவ்வளவுதான். படங்களின் பட்டியலும் அட்டவணைகளின் பட்டியலும் இதே கேப்ஷன்களிலிருந்து தானாக வரும்.

மேற்கோள் பட்டியலுக்கு ஸோடெரோ என்ற மென்பொருள் இலவசம், வேர்டுக்குள்ளேயே வந்து உட்காரும். பொறியியலில் வழக்கமான ஐஇஇஇ மேற்கோள் பாணியில் கட்டுரைக்குள் முதலில் வரும் மேற்கோள்தான் [1], அகரவரிசை கிடையாது. நடுவில் ஒன்று நுழைந்தால் மொத்தமும் நகரும், அதைக் கையால் செய்பவர்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

இணைக்கோடு:

லேடெக்ஸ் பக்கம் இருப்பவள் நான். 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் அதை எழுதியபோதே இந்த எண் பிரச்சினைக்கெல்லாம் வழி வைத்துவிட்டார், அதனால் இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது: இப்போது மாற வேண்டாம். நான்கு பேரில் மூன்று பேருக்குத் தெரியாத கருவியில் கடைசி நேரத்தில் அட்டவணை போடுவது, கைடு வேர்டு கமென்ட்டில் திருத்தம் தருவது, துறையின் படிவம் வேர்டில் மட்டும் இருப்பது, இந்த மூன்றில் ஒன்று போதும் ராத்தூக்கம் போக. சமன்பாடு பக்கத்துக்குப் பக்கம் இருக்கிற ரிப்போர்ட், அல்லது துறையே லேடெக்ஸ் வார்ப்புரு தந்திருக்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம். சமன்பாட்டு எண்ணை வலது ஓரத்துக்குத் தள்ள ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள், புதிய வேர்டில் சமன்பாட்டின் முடிவில் #(3.1) என்று அடித்து என்டர் தட்டினால் அதுவே ஓரத்துக்குப் போய்விடும்.

பழைய_பெஞ்சு படங்களின் எண்ணைச் சொன்னார், படங்களைச் சொல்லவில்லை. அச்சில் மானம் போவது அங்கேதான். ஏ4 தாளின் அகலம் 210 மிமீ, அதாவது ஏறக்குறைய 8.27 அங்குலம். பைண்டிங்குக்காக இடப்பக்கம் 1.5 அங்குலம், வலப்பக்கம் 1 அங்குலம் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 5.77 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்றால் படம் 1,700 பிக்சலுக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும். பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் தன்பாட்டுக்குச் சேமிக்கும் படம் 6.4 × 4.8 அங்குலம், 100 டிபிஐ (அங்குலத்துக்கு 100 புள்ளி), அதாவது 640 பிக்சல் அகலம். திரையில் பளிச்சென்று இருக்கும், தாளில் பூசிவிட்டது போல வரும். சேமிக்கும்போதே டிபிஐ 300 கொடுங்கள். அதன் பிறகும் வேர்டு தன் பங்குக்குப் படங்களைச் சுருக்கும், ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் 'டு நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்பதை டிக் செய்யுங்கள், படங்களைச் சேர்ப்பதற்கு முன்பே.

கோடிங்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பின்னிணைப்பில் ஒட்டும் பழக்கத்தை யார் தொடங்கினார்களோ தெரியவில்லை. கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து, அச்சில் படிக்கவே முடியாது. எழுத்தாகவே ஒட்டி, சம அகல எழுத்துரு, 9 அல்லது 10 பாயின்ட் வையுங்கள். முழுக் கோடும் வேண்டாம், உங்கள் வேலை எதுவோ அந்தப் பகுதி போதும்.

கடைசி_செமஸ்டர்:

தங்கைதான் அண்ணா :) செக்ஷன் பிரேக் போட்டதும் ரோமன் எண் சரியாகிவிட்டது. பொருளடக்கமும் வந்துவிட்டது. ஆனால் எஃப்9 தட்டியதும் இரண்டு இடத்தில் 'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று தடித்த எழுத்தில் வருகிறது. வரிசை பற்றியும் யாரும் சொல்லவில்லையே.

இணைக்கோடு, அக்கா, சரி, லேடெக்ஸ் வேண்டாம். குழுவிலும் சொல்லிவிட்டேன், ஒருவனுக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது.

பழைய_பெஞ்சு:

அந்த இரண்டு இடமும் சுட்டிய கேப்ஷனை யாரோ அழித்திருக்கிறீர்கள், அல்லது அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறீர்கள். அங்கே மறுபடி கிராஸ் ரெஃபரன்ஸ் போட்டால் சரியாகிவிடும். ரிப்போர்ட்டை மூடுவதற்கு முன் 'எரர்!' என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். அச்சடித்த ரிப்போர்ட்டில் இந்த வரியோடு வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வந்தவர்கள் உண்டு.

சிவப்புமை:

நான் திருத்தும் பக்கம் இருப்பவன், அதனால் வரிசையை நான் சொல்கிறேன்.

முதலில் கைடு முழு வரைவையும் படித்து 'இனி மாற்றம் இல்லை' என்று சொல்ல வேண்டும். அதுவரை எதையும் அச்சடிக்க வேண்டாம். அதற்குப் பிறகுதான் பிளேஜியரிசம் சோதனை. எத்தனை சதவீதம் வரை ஏற்பார்கள் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு, உங்கள் துறையின் சுற்றறிக்கையில் இருப்பதுதான் கணக்கு. மேற்கோள் பட்டியலையும் சான்றிதழ் பக்கத்தின் வழக்கமான வாசகங்களையும் விலக்கிவிட்டுப் பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுமே எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் எண்ணிக்கை தேவையில்லாமல் ஏறும். இன்னொன்றும் நடக்கும். முதல் வரைவைச் சோதித்தபோது அது சோதனை மென்பொருளின் களஞ்சியத்தில் சேமிக்கப்பட்டுவிட்டால், திருத்திய ரிப்போர்ட் உங்கள் சொந்த வரைவோடேயே முழுக்கப் பொருந்திப்போகும். வரைவைச் சேமிக்காமல் சோதிக்கச் சொல்லுங்கள்.

சதவீதத்தைக் குறைக்க வெள்ளை எழுத்தை நடுவில் ஒளிப்பது, ஓர் எழுத்துக்குப் பதில் அதேபோல் இருக்கும் வேறு மொழி எழுத்தைப் போடுவது என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். டர்னிட்டின் போன்ற சோதனை மென்பொருள்கள் அதையே தனியாகக் கொடி காட்டிச் சொல்கின்றன, அப்புறம் சதவீதத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஏறுவது பெரும்பாலும் இலக்கிய ஆய்வு அத்தியாயத்தில்தான், ஏனென்றால் ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கத்தையும் எடுத்து நான்கு சொல்லை மாற்றி ஒட்டியிருப்பார்கள். கட்டுரைக்கு ஒரு பத்தி என்று அடுக்காமல், இந்த முறையை இவர்கள் இப்படிச் செய்தார்கள், எங்களுக்கு இது போதவில்லை, ஏனென்றால் இது என்று எழுதினால் சதவீதமும் இறங்கும், வைவாவில் பதிலும் வரும்.

சோதனை முடிந்ததும் பிடிஎஃப். 'சேவ் ஆஸ்' வழியாகப் போங்கள், பிரிண்ட் வழியாகப் போனால் பொருளடக்கத்தின் இணைப்புகள் செத்துவிடும். அச்சடிக்கக் கொடுப்பதும் பிடிஎஃப்தான், வேர்டு ஃபைலை வேறொரு கணினியில் திறந்தால் எழுத்துரு மாறி பக்கமே நகரலாம். ஒரே ஒரு பிரதி அடித்து, நான்கு பேரும் ஆளுக்கு ஒரு பகுதியாகப் பாருங்கள், தன் அத்தியாயத்தைத் தானே பார்க்க வேண்டாம். படத்தின் தலைப்பு கீழே, அட்டவணையின் தலைப்பு மேலே. எண்ணுக்கும் அலகுக்கும் இடையில் ஒரு இடைவெளி. வரைபட அச்சுகளில் அலகு இருக்கிறதா. எழுத்தில் எங்குமே குறிப்பிடாத படம் இருக்கிறதா. பட்டியலில் மட்டும் இருந்து உள்ளே எங்கும் வராத மேற்கோள் இருக்கிறதா. சுருக்கத்தில் உங்கள் முடிவு எண்ணாக இருக்கிறதா. 'துல்லியம் அதிகரித்தது' என்றால் எதிலிருந்து எவ்வளவு? நான் கையில் எடுத்ததும் புரட்டுவது சுருக்கம், முடிவுகள், மேற்கோள் பட்டியல், அப்புறம்தான் மற்றது. இது எல்லா ஆசிரியருக்கும் பொருந்துமா என்றால் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் எல்லாப் பிரதியும். சான்றிதழ் பக்கங்களை உதிரியாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கிவிட்டுப் பைண்டிங் கொடுங்கள். துறைத் தலைவர் பதவிப் பெயரில் ஒரு புள்ளி குறைகிறது என்றால் ஒரு தாளோடு போகும், பைண்டிங் ஆன பிறகு சொன்னால் மொத்தப் புத்தகமும் போகும். மென்பிரதியில் கையெழுத்தான பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து மாற்றிவையுங்கள். ரிப்போர்ட் முழுவதையும் ஸ்கேன் செய்து பதிவேற்றினால் அது வெறும் படமாகிவிடும், அதில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது.

கடைசி_செமஸ்டர்:

ரொம்ப நன்றி சார். ஒரு பிரதி அடித்துப் பார்த்தோம். எல்லாம் சரி, ஆனால் நான்காம் அத்தியாயம் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் வெள்ளையாக அதிக இடம் விட்டு முடிகிறது, ஓரமும் மற்ற அத்தியாயங்களைப் போல இல்லை. மார்ஜினைத் திறந்து பார்த்தால் எண்கள் எல்லா அத்தியாயத்திலும் ஒன்றுதான்.

இணைக்கோடு:

அந்த அத்தியாயத்தை எழுதியவரின் வேர்டில் தாள் அளவு லெட்டர் என்று இருந்திருக்கும். லெட்டர் 215.9 × 279.4 மிமீ, ஏ4-ஐ விடக் கொஞ்சம் அகலம், உயரம் குறைவு. ஒட்டும்போது செக்ஷன் பிரேக்கோடு சேர்ந்து அவருடைய தாள் அளவும் வந்துவிட்டது. கர்சரை அந்த அத்தியாயத்துக்குள் வைத்து லேஅவுட், சைஸ் போய் ஏ4 கொடுங்கள். பிரிண்டரிலும் 'ஃபிட்' வேண்டாம், 'ஆக்சுவல் சைஸ்' வையுங்கள், ஃபிட் கொடுத்தால் ஓரம் எல்லாப் பக்கத்திலும் கொஞ்சம் மாறும். உயரம் கூடியதால் நான்காம் அத்தியாயத்தில் பக்கங்கள் குறையலாம், அதனால் பிடிஎஃப் எடுப்பதற்கு முன் மறுபடியும் ஒரு எஃப்9.