வாரண்டி முடிந்த 320டி: ஷோரூமுக்கு வெளியே மெக்கானிக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அடையாறு வாசி:
வணக்கம். என்னிடம் 2014ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ 320டி உள்ளது. வாரண்டி முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சில வாரங்களாக, காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினிலிருந்து கரகரவென்று ஓர் ஒலி எழுந்து, வண்டி சூடேறியதும் அடங்கிவிடுகிறது. ஷோரூம் சர்வீஸில் டைமிங் செயின் (எஞ்சினுக்குள் கிராங்க், கேம் என்ற இரு தண்டுகளையும் இணைத்துச் சுழற்றும் சங்கிலி) என்று கூறி, இரண்டு லட்சத்தைத் தாண்டும் எஸ்டிமேட் கொடுத்தார்கள். வெளியே இரண்டு ஒர்க்‌ஷாப்புகளில் விசாரித்தேன். முதலாமவர் பானட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, செயின்தான், பாதி விலையில் முடித்துத் தருகிறேன் என்றார். இரண்டாமவர், சோதித்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல இயலாது, சோதனைக்கே தனிக் கட்டணம் என்றார். எதை வைத்து முடிவெடுப்பது?

டீசல் பிரியர்:
உங்கள் வண்டியில் இருப்பது என்47 எஞ்சின். இதன் டைமிங் செயின் முன்பக்கத்தில் இல்லாமல், பின்னால் கியர்பாக்ஸை ஒட்டி அமைந்திருப்பதால், கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் அதைத் தொட முடியாது. செலவில் பெரும்பகுதி லேபராகப் போவதற்குக் காரணம் இதுதான். ஆனால் செயின் கோளாறு பெரிதும் பேசப்பட்டது இந்த எஞ்சினின் முந்தைய ஆண்டு வண்டிகளில். முன்பக்கத்தில் கிராங்க் புல்லியின் ரப்பர் தேய்ந்தாலும், ஆல்டர்னேட்டர் போன்றவற்றைச் சுழற்றும் வெளி பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்தாலும், ஏறக்குறைய இதே போன்ற ஒலி வரும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில விநாடிகள் மட்டும் எஞ்சினை ஓடவிட்டால், ஒலி நின்றுபோகிறதா தொடர்கிறதா என்பது தெரிந்துவிடும். நின்றுவிட்டால் எஞ்சினை இறக்கும் பேச்சுக்கே இடமில்லை. இந்தச் சோதனையைத் தாமாகவே முன்வந்து சொல்கிறவரிடம்தான் நான் வண்டியைக் கொடுப்பேன். செயின்தான் என்று உறுதியானாலும், கிராங்க்கையும் கேமையும் அசையாமல் பூட்டும் டைமிங் டூல் செட் அவரிடம் சொந்தமாக உள்ளதா, குறிப்பிட்ட கோண அளவுக்கு (டிகிரி கணக்கில்) திருப்பி இறுக்கும் போல்ட்டுகளைப் புதிதாகப் போடுவாரா, பழையதையே திரும்ப முறுக்குவாரா என்று கேளுங்கள். டூலை வெளியிலிருந்து இரவல் வாங்கி வருவதாகச் சொன்னால், அந்த வேலை அவருக்கு அன்றாடப் பழக்கம் இல்லை என்று பொருள்.

பழைய சர்வீஸ் அட்வைசர்:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். எல்லா பிராண்டுக்கும் பொதுவான ஸ்கேனர் எரர் கோடைக் காட்டும், அழிக்கவும் செய்யும். பி.எம்.டபிள்யூவின் சொந்த மென்பொருளான இஸ்டாவோ, அந்தக் கோடு எந்தச் சூழலில் பதிவானது, அடுத்து எதைச் சோதிக்க வேண்டும் என்பது வரை வழிகாட்டும். எளிதான ஒரு சோதனை உண்டு: புதிய பேட்டரி போட்டால் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். பேட்டரி மாறியதை வண்டியின் கணினியில் பதிவு செய்ய வேண்டும், இல்லையேல் பழைய பேட்டரிக்கான அளவிலேயே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் என்று அவர் விளக்கினால் விஷயம் தெரிந்தவர். ஸ்பேர் பற்றி ஒரு வார்த்தை: கம்பெனி முத்திரை இல்லாதவை எல்லாம் டூப்ளிகேட் அல்ல. சஸ்பென்ஷன் பாகங்களில் லெம்ஃபோர்டர், ஃபில்டரில் மான் போன்றோர் கார் கம்பெனிகளுக்கே பாகங்கள் செய்து கொடுப்பவர்கள். சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு இலக்கங்களைக் கொண்டு பார்ட் நம்பரைச் சரிபார்த்து, பெட்டியைப் பிரிக்காமல் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள்.

கோவை வண்டிக்காரர்:
வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கு அசல் ஸ்பேரும் டயக்னாஸ்டிக் கருவிகளும் கிடைக்காதபடி கட்டுப்படுத்தியதற்காகவே, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஆகவே கருவிக்குத் தட்டுப்பாடு என்பது வெறும் சாக்கு அல்ல; அதையும் மீறி முதலீடு செய்து வாங்கி வைத்திருப்பவர் ஒரே பிராண்டைத்தான் பெரும்பாலும் பார்ப்பார். ஷெட்டில் ஐந்து விதமான கார்கள் பிரித்துப் போடப்பட்டு, எதுவும் நகராமல் தூசி படிந்து நின்றால் திரும்பி வந்துவிடுங்கள். எஸ்டிமேட்டில் லேபரும் ஸ்பேரும் தனித்தனியாக இருக்கட்டும். கூடுதல் வேலை எதுவானாலும் உங்களைக் கேட்டுவிட்டே தொட வேண்டும், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள்.

அடையாறு வாசி:
மிக்க நன்றி. இரண்டாமவரிடம் பேட்டரி பற்றிக் கேட்டேன். பதிவு செய்வதை விளக்கியதோடு, இஸ்டாவையும் திறந்து காட்டினார். ஆனால் சோதனைக் கட்டணம், பிறகு வேலை கொடுத்தால் பில்லில் கழியாதாம். இது முறைதானா?

பழைய சர்வீஸ் அட்வைசர்:
முறைதான். சோதனைக்குக் கூலி வாங்காதவர், அந்த நேரத்துக்கான பணத்தை ஸ்பேரில்தான் எடுத்தாக வேண்டும். ரிப்போர்ட்டை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறிடத்தில் காட்டவும் உதவும். வண்டியை முந்தைய நாள் மாலையே அங்கு விட்டுவிடுங்கள். காலையில் ஓட்டிக்கொண்டு போனால் வழியிலேயே எஞ்சின் சூடேறி, அவர் கேட்க வேண்டிய ஒலி இருக்காது.