தேரிக்காட்டில் சுருட்டை விரியன்: நான் பார்த்தது

சாத்தான்குளம் பக்கம், தேரியை, அதாவது செம்மணல் மேட்டை, ஒட்டிய ஊர் எங்களுடையது. நல்ல பாம்பு வந்தால் ஊரே கூடிவிடும். சுருட்டை விரியன் என்றால் "குட்டிதானே" என்று குச்சியால் தள்ளிவிடப் போவார்கள். எனக்கு அதுதான் பயம். வளர்ந்த பாம்பே இங்கே ஒன்றரை அடி இருந்தால் பெரிது.

செம்மண்ணில் கிடந்தால் கண்ணில் படாது, சத்தம்தான் முதலில் கேட்கும். ஒரு நாள் பொழுது சாய்ந்தபின் விடிலிக்கு (பதநீர் காய்ச்சும் குடிசை) பின்னால் காய்ந்த ஓலையை இழுத்தேன். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சத்தம். வாயால் சீறுவதில்லை அது. உடம்பை மடித்துச் சுருட்டி, விலாச் செதில்களை ஒன்றோடொன்று உரசுகிறது. டார்ச் அடித்தேன். தலையில் அம்புக்குறி போல வெளிறிய தடம், பக்கவாட்டில் நெளிநெளியாய் வெள்ளைக் கோடு. உடம்பு முழுக்க உருண்டுகொண்டே இருக்க, தலை மட்டும் என் பக்கமே நின்றது. நான் விலகியதும் பக்கவாட்டில் நழுவிப் போய்விட்டது.

பக்கத்து வீட்டு அத்தைக்கு விறகு பொறுக்கும்போது விரலில் கடித்துவிட்டது. "முள்ளுதாம்லே குத்திருக்கும், மஞ்சள வச்சாச் சரியாப் போவும்" என்றார்கள். உண்மையிலேயே வலி பெரிதாக இல்லை, வீக்கமும் கொஞ்சம்தான். "பேசாம வண்டில ஏறுங்கத்தே" என்று அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம்.

அங்கே கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். சாய்த்துப் பார்த்தால் உறையவே இல்லை, தண்ணீராக ஓடியது. இந்த விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியைத் தின்றுவிடுமாம். அதற்குள் அத்தைக்கு ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. விஷமுறிவு மருந்தை டிரிப்பில் ஏற்றி, 6 மணி நேரம் கழித்து மறுபடி அதே சோதனை. அப்போதுதான் உறைந்தது. கையில் கயிறு கட்டாமல், கீறாமல் கொண்டுவந்தது நல்லது என்றார் டாக்டர்.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நாலுக்கும் அந்த ஒரே மருந்துதான். அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் சென்னைப் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், 1978இல் தொடங்கியது. அவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இப்போது அத்தை நீளக் கம்பால் புரட்டிவிட்டுத்தான் விறகில் கை வைக்கிறார். ராமநாதபுரம், மன்னார் பக்கத்துக்காரர்களே, உங்கள் ஊரில் இது எந்த இடத்தில், எந்த நேரத்தில் அதிகம் தென்படுகிறது?