புதுப்பிப்பு: பெரியம்மாவின் கடிதத்தில் இருந்த புரியாத குறிகள் தெரிந்துவிட்டன

84 வயதுப் பெரியம்மா இன்லண்ட் தாளில் எழுதிய கடிதத்தில் சில குறிகள் புரியவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பழைய கணக்கு நோட்டுகளைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம், ௹ ரூபாய். என்னை அதிகம் படுத்திய ௸ என்பது 'மேற்படி'. யாரோ புது உறவினரின் முதலெழுத்து என்றல்லவா இருந்தேன்! ஆகவே "௸யாளுக்கு 14௳ வளைகாப்பு" என்பது முந்தைய வரியில் வரும் பேத்திக்கு 14ஆம் தேதி வளைகாப்பு என்ற செய்தி. நல்லவேளை, நாள் தாண்டவில்லை.

மை சிந்தியது என்று சிலர் சொன்ன சுழிப்புகள் மை அல்ல. ணை, லை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போல வளைத்து எழுதும் பழைய வடிவம் அது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு படித்த எனக்குப் பழக்கமில்லை.

எதிர்பாராதது ஒன்று: "கண்ணாடி கிடைத்தது, ௸யாளுக்கு என் நன்றி" என்ற வரி எனக்கானது என்று நினைத்திருந்தேன். மேல்வரியில் இருப்பது என் மனைவியின் பெயர். அனுப்பியதும் அவள்தான்.

பதில் எழுதிவிட்டேன். தேதிக்கு நானும் ௳ போட்டிருக்கிறேன், கொஞ்சம் கோணலாக.